சிக்ஸருக்கு இரண்டு கை

நெரிடா ட்ரெவினுக்குப் பக்கவாதம் வந்தது மே மாதம், கிரிக்கெட் பருவம் முடிந்து ஆறாவது வாரம். ஆஸ்பத்திரியில் தெளிவாகக் கண் விழித்ததும் அவள் மனத்தில் முதலில் ஓடிய கணக்கு அதுதான். அடுத்த பருவத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதன் பிறகுதான் இடது கையைப் பார்த்தாள். போர்வையின் மேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் போல அது கிடந்தது.

இருபத்திரண்டு வருடமாக அவள் வராபின் வட்டாரத்தில் அம்பயர். அதில் முக்கால்வாசிக் காலம் தபால் ஆபீஸிலும் வேலை பார்த்தாள். ஆனால் அவளைத் தபால் ஆபீஸ் நெரிடா என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. கடையில் அவளுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறவன்கூட அவளைக் கண்டதும் தன்னையறியாமல் கோட்டுக்குப் பின்னால் காலை இழுத்துக்கொள்வான்.

ஆஸ்பத்திரியில் பகல் முழுக்கக் கூரையைப் பார்த்தபடி சைகைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அவுட்டுக்கு ஒரு விரல். நோபாலுக்கு ஒரு கை. நாலு ரன்னுக்கு வலது கையை மார்புக்குக் குறுக்கே வீசினால் போதும். வைடுக்கு இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். சிக்ஸருக்கு இரண்டையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். ஒரு கை மட்டும் மேலே போனால், எல்லைக்கு அப்பால் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர்களுக்கு அது 'பை', மட்டையில் படாமல் ஓடி எடுத்த ரன். அடித்தவனுக்கு ஒரு ரன்கூடச் சேராது. எப்படிச் சுற்றி வந்தாலும் அவள் யோசனை அந்த இடத்தில் வந்து நின்றுவிடும்.

ஜூன் கடைசியில் வீடு திரும்பினாள். பேச்சு வந்துவிட்டது. காலும் தேறிவிட்டது, களைத்தால் மட்டும் கொஞ்சம் இழுத்தது. கை தோளுக்குப் பாதிகூட ஏறவில்லை. அந்த வாரமே மரே கியோ பார்க்க வந்தான். வட்டார அம்பயர்களுக்கு அவன்தான் பொறுப்பாளர். பதினேழு வருடமாக அவளுக்கு எதிர் முனையில் நிற்பவன். விறகு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வராபின் டீமுக்கு ஸ்கோர் எழுதும் அவள் கணவன் லின்ட்சே கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு விறகு விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். கியோவுக்குக் கஷ்டமான விஷயத்தைச் சொல்ல வராது.

"சொல்லித் தொலை," என்றாள் நெரிடா.

"செப்டம்பர் கடைசி சனிக்கிழமை டார்கீல் டீமோட பயிற்சி ஆட்டம் இருக்கு. நீயும் நானும் நிப்போம். எல்லா சைகையும் ஸ்கோரர் கண்ணுக்குச் சரியாத் தெரிஞ்சா இந்த வருஷப் பட்டியல்ல உன் பேரு இருக்கும்."

"தெரியலேன்னா?"

கியோ டீயைப் பார்த்தான். "ஸ்கோரர் மேஜையில ஒரு நாற்காலி காலியா இருக்கு. லின்ட்சே பக்கத்துல."

"முப்பத்தஞ்சு வருஷமா வீட்டுல அவன் மூஞ்சியத்தான் பாக்கறேன். சனிக்கிழமை மத்தியானம் ஒண்ணுதான் எனக்கு விடுதலை. அதுலயும் மண்ணப் போடாத."

"எனக்கு மட்டும் என்னவாம்?" என்றான் லின்ட்சே சமையலறையிலிருந்து. "எழுபது மீட்டர் தள்ளி நின்னாத்தான் நீ அழகா இருக்க."

கியோ சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"எனக்காக விதிய வளைச்சேன்னு எவனும் சொல்லக் கூடாது, கியோ."

"நான் வளைக்க மாட்டேன். வளைச்சா நீயே என்ன மைதானத்துக்குள்ள விட மாட்ட."

அவன் போன பிறகு நெரிடா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பூமியின் அந்தத் தென்பாதியில் ஜூன் குளிர்காலம்; வெளியே உறைபனி இன்னும் உருகவில்லை. பந்து வீசுகிறவன் திரும்பி நின்று ஓடத் தொடங்குவதற்கு முன்னால் மைதானத்தில் ஒரு மௌனம் உண்டு. பதின்மூன்று ஆட்டக்காரர்களும் இரண்டு அம்பயர்களும் சேர்ந்து காக்கிற மௌனம். அதில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. எல்லோரும் ஒரே இடத்தைப் பார்க்கிறார்கள். அந்த மாதிரி ஒன்று அவளுக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை. தேவாலயத்தில்கூட யாராவது இருமிவிடுவார்கள். அது இல்லாமல் மீதி வருடங்களை எப்படிக் கழிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதை லின்ட்சேயிடம் சொன்னதில்லை. சொன்னால் அவனுக்குப் புரியும், அதுதான் சங்கடம்.

ஜூலை முதல் வாரம் பெட்டி வந்தது. கைக்கடிகாரம் போல இரண்டு பட்டைகள், மணிக்கட்டுக்கு ஒன்றாக. மார்பில் கட்டிக்கொள்ள இன்னொரு பட்டை, நடுவில் பொத்தான் அளவுக்கு ஒரு சென்சார். கூடவே ஒரு டேப்லெட். கையைத் தூக்கினால் திரையில் இருக்கும் குச்சி மனிதனும் தூக்குவான். எத்தனை டிகிரி ஏறியது என்று பக்கத்தில் எண் ஓடும். சரியாகத் தூக்கினால் ஒரு மணி அடிக்கும். இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் நகரத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் டெஸ்பினா அவற்றை எல்லாம் தன் திரையில் பார்ப்பாள். செவ்வாய்க்கிழமைகளில் வீடியோவில் வருவாள். பன்னிரண்டு வாரத்துக்குப் பெட்டி இவர்களிடம் இருக்கும்.

"ஒரு நாளைக்கு அறுபது தடவை," என்றாள் டெஸ்பினா. "ஒரே மூச்சுல வேண்டாம். நடுவுல ஓய்வு எடுத்துக்கலாம்."

அறுபது என்றால் பத்து ஓவர். நெரிடாவுக்கு அதை வேறு விதமாக எண்ணத் தெரியாது.

வீட்டின் முன் கதவிலிருந்து பின் கதவு வரை நேராக ஓடும் நடை அவளுக்குப் பிட்ச் ஆனது. டேப்லெட்டை முன் கதவு ஓரம் ஸ்டூலில் நிறுத்திவைத்தாள். காலையில் அடுப்பு மூட்டியதும் நடந்து போய் அங்கே நிற்பாள். மனத்துக்குள் ஒரு ஆட்டம் நடக்கும். சும்மா இல்லை, பெயரோடு, காற்றோடு, மேட்டிங் விரிப்பில் எழும்பும் புழுதியோடு நடக்கும். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு தடவை கை ஏறும். ஆறு ஆனதும் ஓவர் என்று வாய்விட்டுச் சொல்வாள். பிறகு நிதானமாக நடப்பாள்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை டெஸ்பினா தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"நெரிடா, ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளு கண்ணு."

"ரொம்ப வலிக்குதா? இல்ல, மனசு சரியில்லையா?"

"ரெண்டும் இல்லையே. ஏன்?"

"நான் சொன்னது அறுபது. தினமும் முப்பதுதான் வருது. ஒரு நாள்கூட முப்பத்தி ஒண்ணு இல்ல. சரியா முப்பது."

நெரிடாவின் முகம் சிவந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒரு ஓவரில் ஒரு பந்தைக்கூட விட்டதில்லை.

"உன் மெஷினுக்கு எண்ணத் தெரியல. தினமும் பத்து ஓவர் முழுசா முடிக்கறேன். லின்ட்சேயக் கேட்டுப் பாரு."

"பத்து ஓவர் முடிக்கறா," என்று லின்ட்சே பின்னாலிருந்து சாட்சி சொன்னான். "நடுவுல குறுக்க போனா திட்டறா."

"ஓவர்னா என்ன?" என்றாள் டெஸ்பினா. அவள் கிரேக்கக் குடும்பத்துப் பெண். நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். அவர்கள் வீட்டில் கால்பந்தைத் தவிர வேறு எதற்கும் தொலைக்காட்சியைத் திறப்பதில்லையாம்.

"ஆறு பந்து ஒரு ஓவர்."

"சரி. உங்க மணிக்கட்டுல ஆறு தடவ அசைவு வருது. அப்புறம் நீங்க எங்கயோ நடந்து போறீங்க. இருபது அடி. அங்க நாலு நிமிஷம் அசையாம நிக்கறீங்க. திரும்ப வந்து ஆறு தடவ. மறுபடி போறீங்க. நான் மூணு வாரமா மண்டைய உடைச்சிக்கறேன். டாய்லெட் போறீங்களா?"

நடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நெரிடாவின் பார்வை மெல்லப் போய் வந்தது.

"அது கியோவோட ஓவர்," என்றாள்.

"யாரோட?"

"ஒரு ஓவர் இந்த முனையிலேருந்து போடுவாங்க. அதுக்கு நான் ஸ்டம்ப்புக்குப் பின்னால நிப்பேன். அடுத்த ஓவர் அந்த முனையிலேருந்து. அதுக்கு கியோ நிப்பான். நான் பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டுல, ஸ்கொயர் லெக்ல போய் சும்மா நிக்கணும். கையத் தூக்கற வேல இல்ல." குரல் இறங்கிக்கொண்டே போனது. "பத்து ஓவர்ல எனக்கு அஞ்சுதான்."

திரையில் டெஸ்பினா சிறிது நேரம் அசையாமல் இருந்தாள். படம் உறைந்துவிட்டதோ என்று நெரிடா நினைத்தாள். பிறகு பார்த்தால், டெஸ்பினா மேஜையில் கவிழ்ந்து குலுங்கிக்கொண்டிருந்தாள்.

லின்ட்சே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அட, மூணு வாரமா பாதி உடற்பயிற்சிய கியோ செய்யறான்! அதான் போன வாரம் பாத்தப்ப அவன் தோள் நல்லா இருந்துச்சு!"

"வாய மூடு," என்றாள் நெரிடா. ஆனால் அவளுக்கும் அடக்க முடியவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு வாயின் ஒரு ஓரம் சிரிப்புக்கு ஒத்துழைக்காமல் இருந்தது. அன்று அதுவும் மேலே போனது.

"இனிமே ரெண்டு முனையிலயும் நீங்களே நில்லுங்க," என்றாள் டெஸ்பினா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கியோ யாரோ, அவருக்கு லீவு குடுத்துடுங்க."

ஆகஸ்டில் கை தோள் உயரம் வந்தது. அப்போதுதான் மெஷினுக்கும் அவளுக்கும் தகராறு தொடங்கியது.

எண் தொண்ணூறைத் தாண்டுகிற நேரம் பார்த்து மணிக்கட்டுப் பட்டை கிர்ரென்று அதிரும். மணி அடிக்காது. திரையில் குச்சி மனிதன் சிவப்பாகிவிடுவான். கீழே எழுத்து வரும்: உடல் சாய்ந்தது, கணக்கில் இல்லை.

"நான் சாயல!" என்று ஒரு நாள் டேப்லெட்டைப் பார்த்துக் கத்தினாள். "கம்பம் மாதிரி நிக்கறேன். கண்ணு தெரியலையா உனக்கு?"

மறுபடி தூக்கினாள். மறுபடி கிர்ர்.

"அநியாயம்! இது அநியாயம்!"

லின்ட்சே சமையலறை வாசலில் வந்து நின்றான். கையில் பாத்திரம் துடைக்கும் துணி.

"இந்த வசனத்த எங்கயோ கேட்டிருக்கேன்," என்றான்.

"நீ சும்மா இரு."

"அவுட் குடுத்தா பேட்ஸ்மேன் இப்படித்தான் குதிப்பான். அப்ப நீ என்ன சொல்லுவ, அம்பயரம்மா?"

அவள் பட்டைகளை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"பெவிலியன் அந்தப் பக்கம்னு சொல்லுவ," என்று அவனே சொல்லிவிட்டுத் துணியால் சமையலறைப் பக்கம் காட்டினான். "வா, டீ போட்டாச்சு."

டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, நடையில் தொங்கும் ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். பட்டை எதுவும் இல்லாமல் கையைத் தூக்கிப் பார்த்தாள். தான் நேராக நிற்பதாகத்தான் உடம்பு சொன்னது. கண்ணாடியில் நின்றவள் பாதி விழுந்த வேலிக்கம்பம் மாதிரி பின்பக்கமாகச் சாய்ந்து, தோளைக் காதுவரை இழுத்து, முதுகின் பலத்தில் கையை மேலே எறிந்துகொண்டிருந்தாள்.

அங்கேயே நெடுநேரம் நின்றாள். கண்ணில் தண்ணீரோடு தன்னைக் கடந்துபோன பேட்ஸ்மேன்கள் நினைவுக்கு வந்தார்கள். மட்டையில் படவே இல்லை என்று அம்மா மேல் சத்தியம் செய்தவர்கள். அவர்கள் பொய் சொல்வதாகவே இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். பாதிப் பேர் நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருப்பார்கள். தன் உடம்பு என்ன செய்தது என்பது தனக்கே தெரியாமல் போகும் என்று அவளுக்கு அறுபத்து மூன்று வயதில்தான் தெரிந்தது.

ஊரில் பார்க்கிறவர்கள் எல்லோரும் அவளிடம், ஆஹா, எவ்வளவு தேறிட்ட என்றார்கள். ரொட்டிக் கடையில் சொன்னார்கள், தேவாலயத்தில் சொன்னார்கள். கை இடுப்புக்கு மேல் ஏறாத நாளிலேயே சொன்னார்கள். வீட்டில் இந்த ஒரு பொத்தான்தான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறது. அதற்கு அவள்மேல் பிரியமும் இல்லை, கோபமும் இல்லை. நெரிடாவுக்கு அதன்மேல் மரியாதை வந்தது. ஒரு அம்பயருக்கு இன்னொரு அம்பயர்மேல் வருகிற மரியாதை. அதற்குப் பிறகு கிர்ரென்று அதிர்ந்தால், சரி என்று தலையசைத்துவிட்டு மறுபடி தொடங்குவாள்.

செப்டம்பர் வந்து ஊரைச் சுற்றிக் கடுகு மாதிரியான கனோலா வயல்கள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தபோது எண் நூற்று முப்பத்தொன்றில் நின்றுவிட்டது. பதினோரு நாள் அதே எண். அந்த நாட்களில் அவள் அதிகம் பேசவில்லை. லின்ட்சேயும் கேலியை நிறுத்தியிருந்தான். அது அவளை இன்னும் பயமுறுத்தியது. பன்னிரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டில், அவன் செய்த ஆட்டுக்கறியைப் பார்த்து அவளே சொன்னாள்: "இது வேகல."

"வெந்துச்சு. மேல்முறையீடு கிடையாது," என்றான் லின்ட்சே. இருவருக்கும் கொஞ்சம் உயிர் வந்தது.

டெஸ்பினா முறையை மாற்றினாள். தூக்கித் தூக்கி இறக்க வேண்டாம். தூக்கிய இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், ஒரு நொடி, ஒன்றரை நொடி என்று. இறக்கும்போது கை தொப்பென்று விழக் கூடாது. ஆட்டத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, முழங்கை கொஞ்சம் மடங்கியபடி, நூற்று ஐம்பத்திரண்டு. தாங்கிய நேரம் நான்கு நொடி.

"ஆட்டத்துல எவ்ளோ நேரம் தூக்கி வைக்கணும்?" என்றாள் டெஸ்பினா.

"ஸ்கோரர் பாத்துட்டு பதிலுக்கு கை காட்டுவாங்க. அது வரைக்கும் இறக்கக் கூடாது. எப்பவும் ரெண்டு நொடி ஆகும்."

"அப்ப நாலு தாராளம். பட்டையக் கட்டிக்கிட்டே போங்க. நான் அடுத்த வாரம் பாக்கறேன்."

சனிக்கிழமை வெயில் இதமாக இருந்தது. வெள்ளைச் சட்டைக்குள் மார்புப் பட்டையும், முழுக்கைக்குள் மணிக்கட்டுப் பட்டைகளுமாக நெரிடா கியோவோடு நடந்து மைதானத்துக்குள் போனாள். முப்பது ஓவர் ஆட்டம். அன்று வராபின் மட்டும்தான் பேட்டிங் பயிற்சி எடுத்தது. டார்கீல் பந்து வீசியது. ஒற்றைப்படை ஓவர்கள் அவளுக்கு, இரட்டைப்படை கியோவுக்கு. எல்லையில் மரத்தடி மேஜையில் லின்ட்சேயும், டார்கீல் ஸ்கோரரான தடித்த பெண்மணி வில்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் ஊர் முழுக்கத் தெரியும். பயிற்சி ஆட்டத்துக்கு வழக்கமாக நாலு பேரும் ஒரு நாயும் வருவார்கள். அன்று வேலியை ஒட்டி இருபது கார்கள் நின்றன.

மூன்றாவது ஓவரிலேயே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. டார்கீல் பௌலர் கல்யாண வீட்டில் கேக் கொடுப்பது போல மெதுவாக, இடுப்பு உயரத்தில் ஒரு பந்தைப் போட்டான். பேட்ஸ்மேன் கண்ணை மூடிக்கொண்டு வானத்தை நோக்கி மட்டையை வீசினான், படவில்லை. அடுத்ததும் அதே கேக்.

நெரிடா ஆட்டத்தை நிறுத்தினாள். இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டாள்.

"எவனாவது எனக்காகப் பந்து போட்டான்னா, எனக்காக சுத்தினான்னா, ரெண்டு டீமையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன். இது கிரிக்கெட். என் பிறந்த நாள் இல்ல."

"நாங்க எதுவும்…" என்று ஆரம்பித்தான் டார்கீல் கேப்டன்.

"பெவிலியன் அந்தப் பக்கம்."

அதற்குப் பிறகு எல்லோரும் ரோஷத்தோடு ஆடினார்கள். அதன் பலன், ஒருவராலும் பந்தைத் தரையை விட்டுத் தூக்க முடியவில்லை. பதினொன்றாவது ஓவரில் ஒரு வைட் வந்தது. இரண்டு கையும் பக்கவாட்டில் நீண்டது, இடது கொஞ்சம் தாமதமாக. மேஜையிலிருந்து உடனே பதில் கை எழுந்தது. அப்பாடா, அது முடிந்தது. பதினாறாவது ஓவரில் ஒருவன் அருமையான சிக்ஸர் அடித்தான். அது கியோவின் ஓவர். ஸ்கொயர் லெக்கில் நின்ற நெரிடா வாயைக் கடித்துக்கொண்டாள். கியோ அவள் பக்கம் திரும்பி, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு இரண்டு கையையும் தூக்கினான்.

இருபத்தேழாவது ஓவர். அவளுடையது. பந்து உயரமாக எழுந்து நீண்ட எல்லையை நோக்கிப் போனது. வேலியோரம் கார் ஹார்ன்கள் அலறத் தொடங்கிவிட்டன. ஃபீல்டர் ஓடிப் போய், எல்லைக்கு அப்பாலிருந்து இரண்டு கையையும் தூக்கி, "சிக்ஸர்!" என்று கத்தினான். எதிர் டீம்காரன். அவனே சொல்கிறான்.

நெரிடா பார்த்திருந்தாள். பந்து விழுந்த இடத்தில் ஒரு பிடி புழுதி எழும்பியது. வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், உள்ளங்கை அகலம்.

ஹார்ன்கள் ஓய்ந்தன. கியோ ஸ்கொயர் லெக்கிலிருந்து அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது. இன்னும் அவளுக்கு மிச்சம் ஒரே ஒரு ஓவர். ஒருவரும் மறுத்துப் பேசப் போவதில்லை. கையைத் தூக்கினால் ஊரே கைதட்டும். அவளுக்கு மிகப் பிடித்த அந்த மௌனம் இப்போது அவள் ஒருத்திமேல் மட்டும் இறங்கியிருந்தது.

வலது கையை மார்புக்குக் குறுக்கே வீசினாள். நாலு.

வேலியோரம் இருபது காரிலிருந்தும் ஒரே முனகல்.

ஓவர் முடிந்து இடம் மாறும்போது கியோ அவளைக் கடந்தான். "உள்ளதான் விழுந்துச்சு," என்றான் தாழ்ந்த குரலில். அவள் தலையசைத்தாள். ஆச்சரியமாக, உடம்பு லேசாக இருந்தது. நாற்காலி என்றால் நாற்காலி. லின்ட்சேயின் பென்சில் கையெழுத்தையாவது திருத்தலாம்.

இருபத்தொன்பதாவது ஓவருக்குக் கடைசி ஆளாக மெர்வ் வந்து நின்றான். ரொட்டிக் கடைக்காரன், ஐம்பத்தெட்டு வயது, ஆள் குறைந்தால் மட்டும் கூப்பிடப்படுகிறவன். போன பருவம் முழுக்க அவன் எடுத்தது ஏழு ரன். முதல் பந்து அவன் தொப்பைக்குக் கீழே போனது. இரண்டாவதைத் தடுத்தான். மூன்றாவது பந்துக்கு, பின்னால் தேனீ கொட்டியவன் மாதிரி ஒரு துள்ளு துள்ளி மட்டையை வீசினான்.

சத்தத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பந்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி, வேலியைத் தாண்டி, கழிப்பறையின் தகரக் கூரையில் டமாரென்று விழுந்தது. உள்ளேயிருந்து யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள்.

நெரிடா மேஜையைப் பார்த்து நின்றாள். வலது கை தானாகப் போனது. இடது கை மெல்லக் கிளம்பியது. தோளைக் காதுப் பக்கம் இழுக்காமல், முதுகைச் சாய்க்காமல், இடுப்பு, மார்பு, கண், நெற்றி. மணிக்கட்டுப் பட்டை அதிரவில்லை. தலைக்கு மேலே போய் நின்றது, முழங்கை கொஞ்சம் மடங்கி, விரல்கள் சுருண்டு. இரண்டு கை.

ஒரு நொடி. இரண்டு.

மேஜையிலிருந்து பதில் வரவில்லை.

லின்ட்சே எழுந்து நின்றிருந்தான். ஸ்கோர் புத்தகம் காலடியில் கிடந்தது. அவனும் வில்மாவும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஹார்ன்கள் எல்லாம் சேர்ந்து அலறின. மூன்று. நான்கு.

"லின்ட்சே!" என்று கத்தினாள். "கை!"

அவன் அவளைப் பார்த்தான். கை தட்டச் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினான்.

"கையத் தூக்குடா, மடையா! நான் இறக்கணும்!"

ஆறு. ஏழு. தோள் நெருப்பாக எரிந்தது. கை நடுங்கத் தொடங்கியது, ஆனால் இறங்கவில்லை. வேலி முழுக்க எல்லோரும் பதிலுக்கு இரண்டு கையையும் தூக்கி நின்றார்கள், கழிப்பறையிலிருந்து பாதி பெல்ட்டோடு வெளியே வந்தவன்கூட. தூக்க வேண்டிய ஒருவனைத் தவிர. கியோ ஸ்கொயர் லெக்கில் மண்டியிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். "ஸ்கோரர்!" என்று பௌலர் கத்தினான். "ஸ்கோரர்!" என்று பேட்ஸ்மேன் கத்தினான். பதினோராவது நொடியில் வில்மாவுக்கு உறைத்தது. அவள் லின்ட்சேயின் மணிக்கட்டைப் பிடித்து, தன் கையோடு சேர்த்து மேலே தூக்கினாள்.

நெரிடா கையை இறக்கினாள். தொப்பென்று விழவிடாமல், நெற்றி, கண், மார்பு, இடுப்பு என்று நிதானமாக. முகத்தில் சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பட்டியல்ல உன் பேரு முதல்ல இருக்கு," என்று கியோ அங்கிருந்தே கத்தினான்.

"ஆட்டத்தப் பாரு," என்றாள். பௌலர் பக்கம் திரும்பினாள். "மூணு பந்து பாக்கி. போடு."

மைதானம் மெல்ல அடங்கியது. ஹார்ன்கள் நின்றன. பௌலர் திரும்பி நடந்து தன் இடத்துக்குப் போய் நின்றான். ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். அவள் அதற்குள் நின்றாள்.

நாலாவது பந்து மெர்வின் முழங்காலுக்குக் கீழே, ஸ்டம்ப்புக்கு நேராகப் பட்டது. பதினோரு பேரும் கத்தினார்கள். நெரிடா ஒரு கணம் யோசித்து, வலது ஆள்காட்டி விரலைத் தூக்கினாள்.

மெர்வ் நின்ற இடத்திலேயே நின்றான். "நெரிடா! உனக்கு சிக்ஸர் அடிச்சுக் குடுத்திருக்கேன்!"

"நல்ல சிக்ஸர்," என்றாள்.

"இது லெக் சைடுல போகுது! இடி மாதிரி தெரியுது! உனக்குக் கண்ணு…"

அவள் ஒன்றும் சொல்லாமல் பெவிலியன் பக்கம் கையைக் காட்டினாள். அவளே கவனிக்கவில்லை, காட்டியது இடது கை.